குட்டி யானை, பேட்ஜ், லோடு மேல் உட்கார்ந்த அக்கா

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் விவசாயம் செய்கிறேன். சொந்தமாக ஒரு குட்டி யானை (சின்னச் சரக்கு வண்டி) இருக்கிறது. போன வருடம் என் மச்சினன் தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகும்போது எதிரே வந்த பைக் மீது மோதிவிட்டான். பைக்கில் வந்தவருக்குக் கால் முறிவு. வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்த பக்கத்துத் தோட்டத்து அக்காவும் விழுந்து கை உடைந்தது. இரண்டு பேரும் எம்.சி.ஓ.பி. (விபத்து இழப்பீட்டு மனு) போட்டிருக்கிறார்கள். மச்சினனிடம் இருப்பது கார் ஓட்டும் லைசென்ஸ்தான், பேட்ஜ் (சரக்கு, வாடகை வண்டி ஓட்டுவதற்கான தனி அனுமதி) கிடையாது. அதைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பேற்க மறுத்துக் கடிதம் அனுப்பிவிட்டது. ஏஜென்டோ, "எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும், நீங்கள் கோர்ட்டுக்கு வர வேண்டாம்" என்கிறார். என் வீடு ஜப்திக்கு வருமா?

பதில்: முதலில் ஏஜென்ட் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பொறுப்பில்லை என்று கடிதம் அனுப்பிய கம்பெனி உங்களுக்காக எதைப் பார்த்துக்கொள்ளும்? கம்பெனியின் வக்கீல் உங்கள் வக்கீல் அல்ல. தீர்ப்பாயத்தில் அவருடைய வேலையே, தவறு வண்டி உரிமையாளருடையது, பணத்தை அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று வாதாடுவதுதான். நீங்கள் போகாமல் எக்ஸ்பார்ட்டி (நீங்கள் இல்லாமலேயே விசாரணை) ஆகிவிட்டால் அவர் சொல்வதை மறுக்க அங்கே ஆள் இருக்காது. மனு இரண்டு என்பதால் வக்காலத்தும் இரண்டு, கவுன்டரும் (பதில் மனுவும்) இரண்டு. ஒன்றில் ஆஜராகி இன்னொன்றைக் கோட்டை விட்டவர்கள் உண்டு.

பேட்ஜ் விஷயத்துக்கு வருவோம். உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருப்பது அதுதான், ஆனால் அதில் பயப்பட ஒன்றுமில்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத வண்டியை எல்.எம்.வி. (கார் போன்ற இலகுரக வாகன) லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம், அது சரக்கு வண்டியாக இருந்தாலும் தனி அனுமதி வேண்டியதில்லை என்று 2017-ல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கம்பெனிகள் விடவில்லை. கேள்வி ஐந்து நீதிபதிகள் அமர்வு வரை போய், 2024 நவம்பர் 6 அன்று ரம்பா தேவி வழக்கில் அதே முடிவு உறுதியானது. குட்டி யானையின் மொத்த எடை லோடோடு சேர்த்தே அந்த வரம்பில் பாதிகூட வராது. அதற்குப் பிறகும் "ஓட்டுநரிடம் உரிய லைசென்ஸ் இல்லை" என்ற வரி கவுன்டர்களில் வந்துகொண்டுதான் இருக்கிறது. பழைய கவுன்டரை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி டைப் அடிப்பார்கள் போல.

ஒன்றை மட்டும் சரிபாருங்கள். விபத்து நடந்த அன்று அந்த லைசென்ஸ் காலாவதியாகாமல் இருந்ததா? ஆர்.டி.ஓ. ஆபீஸில் லைசென்ஸ் எக்ஸ்ட்ராக்ட் வாங்கிக் கவுன்டரோடு சேருங்கள். பெர்மிட் எங்கே என்று கேட்டாலும் கவலை வேண்டாம். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 66(3) பிரிவே விலக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) அந்த விலக்கு இல்லை, அந்தத் தேதியையும் பார்த்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் பைக்காரருக்கு வரும் இழப்பீட்டைக் கம்பெனிதான் கட்ட வேண்டும்.

இப்போது அந்த அக்கா. கடிதத்தில் நீங்கள் அவரைப் பற்றி எழுதியது ஒரே ஒரு வரி. என்னை யோசிக்க வைத்தது அந்த வரிதான்.

நம் ஊரில் சரக்கு வண்டியில் ஆள் ஏறுவதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. சந்தைக்குப் போகும் வண்டியில் பக்கத்து வீட்டுக்காரரை ஏற்றாமல் போனால்தான் கெட்ட பெயர். சட்டம் வேறு மாதிரி பார்க்கிறது. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்தவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002-ல் ஆஷா ராணி வழக்கிலும், 2004-ல் பல்ஜித் கவுர் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 1994 திருத்தம் பாதுகாப்புக் கொடுத்தது சரக்கின் சொந்தக்காரருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும்தான். உங்களிடம் கூலிக்கு வேலை செய்யும் லோடுமேனாக இருந்தால் கணக்கு வேறு.

அந்த அக்கா தன் காய்கறி மூட்டையோடு வந்தாரா? வந்திருந்தால் சரக்கின் சொந்தக்காரர் என்று வாதாடலாம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சரக்கின் சொந்தக்காரர் கேபினில் உட்கார்ந்து வந்திருக்க வேண்டும் என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கை எண்ணிக்கையைப் பாருங்கள், ஓட்டுநரோடு சேர்த்து இரண்டு பேர் என்றுதான் இருக்கும். எஃப்.ஐ.ஆரில் "தக்காளிப் பெட்டிகள் மேல் அமர்ந்து வந்தார்" என்று எழுதியிருந்தால் கம்பெனி வக்கீல் முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான். அதற்காக இல்லாத மூட்டையை இப்போது உருவாக்கச் சொல்லாதீர்கள். குறுக்கு விசாரணையில் எத்தனை கிலோ, எந்தக் கடை, எந்தச் சீட்டு என்று நாலு கேள்வி கேட்டால் அது கலைந்துவிடும். அப்புறம் மச்சினன் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அதைவிட, பாலிசியில் பிரீமியம் கணக்குப் போட்டிருக்கும் பக்கத்தை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். அடிப்படை தேர்ட் பார்ட்டி பிரீமியத்துக்குக் கீழே "எல்.எல்." (சட்டப் பொறுப்பு) என்று தொடங்கும் சின்னச் சின்னத் தொகைகள் இருக்கும். ஒன்று ஓட்டுநருக்கு. இன்னொன்று, கட்டணம் கொடுக்காத பயணிகளுக்கு. இந்த இரண்டாவது வரியில் ஏதாவது தொகை வாங்கியிருந்தால், அது நூறு ரூபாய்க்குக் குறைவாக இருந்தாலும், வழக்கின் போக்கே மாறும். பிரீமியம் வாங்கிக்கொண்டு பொறுப்பில்லை என்று சொல்ல முடியாது. பலர் பாலிசியை ஆர்.சி.யோடு மடித்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டுவிடுகிறார்கள், பிரித்துப் பார்ப்பதே இல்லை.

அந்த வரி இல்லையென்றால்? இரண்டில் ஒன்று நடக்கும். கம்பெனியை விடுவித்துவிட்டு உங்களை நேரடியாகக் கட்டச் சொல்லலாம். அல்லது கம்பெனி முதலில் அந்த அக்காவுக்குக் கொடுக்கட்டும், பிறகு உங்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிடலாம். 2017-ல் மனுவாரா கத்தூன் வழக்கில் சும்மா ஏறி வந்தவர்களுக்கும் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் செய்தது. அக்காவுக்குப் பணம் சீக்கிரம் கிடைக்கும், ஆனால் உங்கள் பாரம் குறையாது. வசூலிக்கக் கம்பெனி தனி வழக்குப் போட வேண்டியதில்லை, அதே தீர்ப்பாயத்தில் நிறைவேற்று மனு போட்டால் போதும். வீடு ஜப்திக்கு வருமா என்று கேட்டீர்களே, வருகிற வழி இதுதான். இந்தப் பயத்தில் வீட்டை மனைவி பேருக்கு மாற்றும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், மோசடி மாற்றம் என்று அதையும் கேள்வி கேட்பார்கள்.

ஆகவே அக்காவின் மனுவில்தான் உங்கள் உழைப்பு இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவுக்கு நீங்கள் ஏதாவது கொடுத்திருந்தால் ஜிபே விவரத்தையோ பில்லையோ எடுத்து வையுங்கள். உறவு கெடவில்லை என்றால் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) ஒரு தொகைக்குப் பேசி முடிப்பதைப் பற்றி உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். தீர்ப்பு வரை போனால் வட்டியும் சேரும்.

இன்னொன்று. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கிரிமினல் கேஸ் நிலுவையில் இருந்தால், "ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வா" என்று மச்சினனை அனுப்பிவிடாதீர்கள். அந்த உத்தரவின் நகல் அடுத்த வாய்தாவிலேயே எம்.சி.ஓ.பி.யில் சான்றாவணமாகிவிடும். அந்தக் கேஸையும் இதே வக்கீல் பார்ப்பது நல்லது.