அம்பாவும் பங்கும்

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் மானிடவியல் முதலாம் வருட மாணவி. வீடு உவர்மலையில். பண்பாடு என்பதற்கு ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு வரைவிலக்கணம் தருகிறது. எதைப் பிடித்துக்கொள்வது? பண்பாட்டுப் பரவலுக்கும் பண்பாட்டேற்புக்கும் என்ன வித்தியாசம்? இன்னொன்று, நம் திருகோணமலைப் பண்பாடு கண்முன்னே அழிகிறது. சேலை போய்ச் சுடிதார் வந்துவிட்டது. கரைவலைக்காரர் கரையில் நின்று வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டும் போய்விட்டது. போன மாதம் கலைவிழாவில் அதை மேடையேற்றினோம். பலர் கண்கலங்கினார்கள். இன்னும் எதையெல்லாம் காப்பாற்றலாம் என்று சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

அம்பா என்ற சொல் உன் கடிதத்தில் இல்லாவிட்டால் உடனே பதில் எழுதியிருக்க மாட்டேன். இரண்டு வாரத்துக்கு முன் நிலாவெளிப் பக்கம் விடியற்காலை நடக்கப் போனபோது கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றை மிசின் இழுத்தது. நான்கைந்து பேர் பக்கத்தில் நின்றார்கள். மடி, அதாவது மீன் சேரும் வலைப்பை, கரைக்கு வரும்வரை மிசின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. அன்றிலிருந்து அதுதான் மனதில் கிடக்கிறது.

வரைவிலக்கணத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 1952இல் குரோபர், குளுக்கோன் என்ற இரண்டு அமெரிக்க மானிடவியலாளர்கள் தேடித் திரட்டியபோதே வரைவிலக்கணங்கள் 160ஐத் தாண்டிவிட்டன. ஒன்றைப் பிடிக்கத்தான் வேண்டுமென்றால் 1871இல் ஆங்கிலேய மானிடவியலாளர் டைலர் சொன்னதைப் பிடி. அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் என்று, மனிதன் சமூகத்தில் ஒருவனாக இருந்து பெற்றுக்கொண்ட எல்லாம் சேர்ந்த முழுமை. கலைக்குப் பக்கத்திலேயே சட்டமும் வழக்கமும் நிற்பதைக் கவனி. பிறகு அங்கே வருகிறேன்.

பரவல் என்றால் ஒரு பொருளோ சொல்லோ பழக்கமோ ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவது. ஆட்கள் கூடவே வரவேண்டும் என்றில்லை. உன் அம்மா சம்பலுக்கு இடிக்கும் கொச்சிக்காய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். சம்பல் என்ற சொல் மலாய்க்காரருடையது. பண்பாட்டேற்பு வேறு. வெவ்வேறு பண்பாட்டு மக்கள் தொடர்ந்து நேருக்கு நேர் பழகும்போது, ஒரு பக்கத்திலோ இரண்டு பக்கத்திலுமோ உண்டாகும் மாற்றம் அது. ரெட்ஃபீல்ட், லின்டன், ஹெர்ஸ்கோவிட்ஸ் என்ற மானிடவியலாளர் மூவரும் 1936இல் அப்படித்தான் வகுத்தார்கள். அந்த 'இரண்டு பக்கத்திலுமோ' என்பதற்கு அடிக்கோடு போட்டுக்கொள். 1620களில் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டிய போர்த்துக்கேயரின் சொற்கள்தான் குசினி, அலுமாரி, உட்காரும் வாங்கு, பாண் எல்லாம். அந்தச் சொற்கள் இல்லாமல் நம் வீட்டில் ஒரு காலை நேரம் நகராது. சுடிதாரைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சைக்கிளில் போகிற பிள்ளைக்கு அது வசதி.

சரி, அம்பாவுக்கு வருகிறேன்.

சின்ன வயதில் சல்லி என்ற ஊரின் கரையில் சித்தப்பாவோடு வலைக்குப் போவேன். இழுப்பவர்கள் இடுப்பில் ஒரு சின்னக் கயிற்றைக் கட்டி, அதைப் பெருங்கயிற்றில் கொளுவிக்கொண்டு பின்பக்கமாக நடப்பார்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் 'ஏலேலோ' என்பார்கள். அந்த 'லோ' விழுகிற இடத்தில் எல்லாக் குதிகாலும் ஒன்றாக மணலில் புதையும். பாட்டுப் பிசகினால் இழுவை பிசகும். ஒரு பக்கக் கயிறு முந்தினால் மடி கோணிவிடும், மீன் போய்விடும். மடி கிட்ட வரவர அடி குறுகும், பாட்டும் வேகம் பிடிக்கும். அது அழகுக்குப் பாடிய பாட்டில்லை மகள். பத்து இருபது உடம்புகளை ஒரே உடம்பாக்கிய வேலை.

பாட்டை எடுத்துக் கொடுத்தவர் ஒரு கிழவர். எல்லோரும் அப்பு என்றுதான் கூப்பிடுவோம். அவரால் கயிறு இழுக்க முடியாது. கயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு பாடுவார், அவ்வளவுதான். ஆனால் மீன் பிரிக்கும்போது இழுத்தவர்களுக்கு எவ்வளவோ அவ்வளவே அவருக்கும். புருஷனை இழந்த ஒரு அக்கா கயிற்றின் வால்பக்கத்தைப் பிடிப்பார், அவருக்கும் பங்கு உண்டு. ஈரக் கயிற்றைச் சுருட்டிப் போட்ட எனக்குக்கூட ஒரு கை நெத்தலி பறியில் விழும். கயிற்றில் கை வைத்தவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக்கூடாது என்பது அந்தக் கரையின் சட்டம். டைலர் சொன்ன சட்டமும் வழக்கமும் அதுதான்.

மிசின் வந்ததும் பாட்டு நின்றது. மிசினுக்குக் குதிகால் இல்லையே. ஆனால் அதே நாளில் அப்புவின் பங்கும் நின்றது, அந்த அக்காவின் பங்கும் நின்றது. இதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பாட்டு போனதற்கு அழுகிறீர்கள், பங்கு போனதற்கு ஒருவரும் அழவில்லை. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

'அழிகிறது' என்று எழுதியிருக்கிறாய். அந்த வினைச்சொல்லைக் கொஞ்சம் பார். மழை பெய்கிறது, இலை உதிர்கிறது, பண்பாடு அழிகிறது. யாரும் செய்யாமல் தானே நடப்பது போல இருக்கிறது. மானிடவியல் படிக்கிற நீ இப்படித் தன்வினையில் எழுதிவிட்டுச் சும்மா இருக்கலாமா? யார் மாற்றினார்? எப்போது? என்ன கட்டாயத்தில்? மாறியதால் யாருக்குக் கூடியது, யாருக்குக் குறைந்தது? வலைச் சொந்தக்காரரைக் கேட்டால் அவரும் நியாயம் சொல்வார். இளவட்டங்கள் மத்திய கிழக்குக்குப் போய்விட்டார்கள், இழுக்க ஆளில்லை, மிசின் எடுக்காவிட்டால் வலையை விற்க வேண்டியதுதான் என்பார். அது பொய்யில்லை. அதையும் எழுது. 'அழிகிறது' என்று எழுதினால் அவருடைய கஷ்டமும் தெரியாது, அப்புவின் வெறும் பறியும் தெரியாது.

மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி பசிபிக்கில் உள்ள டிரோபிரியண்ட் தீவுகளில் ஒரு விசயத்தைக் கவனித்தார். ஆபத்தில்லாத களப்பில் மீன்பிடிக்க அந்த மக்கள் மந்திரத்தைத் தேடவில்லை. ஆபத்தும் நிச்சயமின்மையும் உள்ள திறந்த கடலில் பிடிப்பதற்குத்தான் மந்திரச் சடங்குகள் நிறைய இருந்தன. வழக்கம் என்பது அந்த வேலையோடும் அதில் இருக்கிற பயத்தோடும் ஒட்டிக்கொண்டிருப்பது. உங்கள் மேடையில் பிள்ளைகள் பாடியபோது கையில் கயிறு இருந்ததா? இருந்தாலும் அதன் மறுமுனையில் கனம் இருந்ததா?

மனம் நோகாதே. பாடியது பிழையென்று சொல்லவில்லை. நானும் அங்கே இருந்திருந்தால் அழுதிருப்பேன். அடுத்த ஆண்டும் பாடுங்கள். அதற்கு முன் ஒருநாள் கொப்பியோடு கரைக்குப் போ. பாட்டைக் கேட்காதே. இன்று யார் யார் வந்தார்கள், மிசினுக்கு எத்தனை பங்கு, வலைக்கு எத்தனை, ஆட்களுக்கு எத்தனை, முன்பு வாங்கி இப்போது வாங்காதவர் யார் என்று கேட்டு எழுது. பெண்களிடம் தனியாகக் கேள். வயதானவர்களிடம் அவசரப்படாமல் இரு.

மடி கரையேறுவதற்கு முன்பே போய்விடு. மீனைப் பிரித்து ஏற்றக் கனநேரம் எடுக்காது, பிந்திப் போனால் மணலில் செதில் மட்டும்தான் கிடக்கும்.