பாலிகார்பனேட் மூடியில் வெள்ளிக் கோடுகள்: 80 டிகிரி போதாது

பாலிகார்பனேட் குருணையை 80 டிகிரியில் 2 மணி நேரம் காயவைத்தும், இன்ஜெக்ஷன் மோல்டிங்கில் (உருக்கிய பிளாஸ்டிக்கை மோல்டு எனும் அச்சுக்குள் செலுத்தும் முறை) செய்த மூடியில், கேட்டிலிருந்து (உருகல் மோல்டுக்குள் நுழையும் வாய்) வெள்ளிக் கோடுகள் விசிறி போல் வருகின்றன என்கிறீர்கள். அந்த அளவு ஏபிஎஸ் என்ற வேறு பிளாஸ்டிக்குக்குச் சரி. பாலிகார்பனேட்டுக்கு 120 டிகிரி, 3 முதல் 4 மணி நேரம் வேண்டும். ஈரப்பதம் 0.02 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும்.

பெரும்பாலும் ஈரம்தான் காரணம். பேரலில் (பிளாஸ்டிக்கை உருக்கும் சூடான உருளை) 280–300 டிகிரியில் அது நீராவியாகி, உருகலோடு சேர்ந்து மோல்டுச் சுவரில் கோடாக இழுபடுகிறது.

உறுதிப்படுத்த, நாசிலை (பேரலின் முனை) மோல்டிலிருந்து பின்னுக்கு எடுத்து ஒரு ஷாட் (ஒரு முறை செலுத்தும் அளவு உருகல்) வெளியே தள்ளிப் பாருங்கள். முகம் முழுவதையும் மறைக்கும் காப்புக் கவசம் கட்டாயம். உருகல் நுரைத்தாலோ பொரிவது போல் சத்தம் வந்தாலோ ஈரமேதான். கண்ணாடி போலத் தெளிவாக வந்தால் குருணையைக் காயவைக்கும் டிரையர் காரணமல்ல. இன்ஜெக்ஷன் வேகத்தைக் குறைத்து, கேட் மிகச் சிறியதா என்று பாருங்கள். நாசில் சூட்டையும் பாருங்கள்.

ஹாப்பரை (பேரலுக்குக் குருணை ஊட்டும் தொட்டி) பலர் மறந்துவிடுகிறார்கள். காய்ந்த குருணை திறந்த ஹாப்பரில் கிடந்தால் மழைக்காலத்தில் சீக்கிரமே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூடி வையுங்கள், சூடான ஹாப்பர் இல்லையென்றால் 15–20 நிமிட ஓட்டத்துக்கு மட்டும் நிரப்புங்கள். ஈரக்காற்று உள்ள ஊரில் வெறும் வெப்பக்காற்று டிரையர் திணறும், ஈரம் உறிஞ்சும் டிரையர்தான் சரி.

இந்தக் கோடு வந்த மூடிகளை அரைத்துத் திரும்பக் கலக்காதீர்கள். ஈரத்தோடு உருகியபோதே மூலக்கூறுச் சங்கிலி அறுந்திருக்கும். பார்வைக்குச் சரியாக இருந்தாலும் கீழே விழுந்தால் விரிசல் விடும்.