தோழி இறந்துபோகும் நாவலைப் 13 வயது மகளுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். உங்கள் மகள் அப்படியொரு புத்தகத்தை முடித்துவிட்டு இரண்டு நாளாக யாரோடும் பேசவில்லை, இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஏன் சாவுக் கதை எழுதுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். நான் பார்த்த பிள்ளைகளை வைத்துச் சொல்கிறேன்.

சாவு எங்கள் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. மாசியில் காமன் கூத்து வைத்தால் காமன் எரிவதையும் ரதி ஒப்பாரி வைப்பதையும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடிய விடியப் பார்க்கிறார்கள். மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டிச் செத்தவர்களின் கதை தெரியும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போனதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறார்கள். விடாமல் மழை பெய்தால் லயத்துக்குப் பின்னாலுள்ள மேட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார்கள். ஒரு நாவல் வந்து இவர்களை உடைத்துவிடும் என்று நான் நம்பவில்லை.

இவர்களுக்குக் கிடைக்காதது வேறொன்று. இழவு வீட்டில் எல்லா உறவுக்கும் ஒரு வேலை உண்டு. கொள்ளி வைக்க மகன், நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளை, கோடி போட மாமன், மச்சான். செத்தவனின் 14 வயதுக் கூட்டாளிக்கு? கதிரை தூக்குவான், பிளேன்டீ கொடுப்பான், அவ்வளவுதான். கொஞ்சம் பெரிய பையன்களென்றால் சந்தியில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டுவார்கள். அடியில் 'நண்பர்கள்' என்று எல்லாருக்கும் சேர்த்து ஒரு சொல். (அதற்கும் கூலிங்கிளாஸ் போட்ட படமாகத் தேடுவார்கள், அது இருக்கட்டும்.)

எங்கள் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். எட்டாம் துக்கமெல்லாம் முடிந்த பிறகு அவன் கூட்டாளி என்னிடம் வந்து பையிலிருந்து ஒரு விஞ்ஞானக் கொப்பியை எடுத்தான். பிரவுன் பேப்பர் உறை, மேலே செத்தவனின் பெயர். நோட்ஸ் எழுத வாங்கிப் போனதாம். "டீச்சர், இதை அவங்க அம்மாகிட்ட குடுக்கணுமா? நான் இன்னும் பாதிதான் எழுதியிருக்கேன்" என்றான். எழுதி முடித்துவிட்டுக் கொடு என்றேன். வேறென்ன சொல்ல?

சங்க காலத்தில் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அதாவது உண்ணாமல் உயிர்விட உட்கார்ந்தபோது, கூடவே உட்கார்ந்த பிசிராந்தையாரைத்தான் நட்புக்கு உதாரணமாக எல்லா மேடையிலும் சொல்வார்கள். எனக்கு அந்தச் சோழனின் இன்னொரு நண்பரான புலவர் பொத்தியாரைத்தான் பிடிக்கும். உனக்குப் பிள்ளை பிறந்த பிறகு வா என்று அவரைத் திருப்பி அனுப்பிவிடுகிறான் சோழன். அவர் திரும்பி வரும்போது சோழன் நடுகல்லாகிவிட்டான். என்னை அனுப்பிவிட்டாயே, அன்பில்லாதவனே, இப்போது என் இடம் எது என்று அந்தக் கல்லிடம் கேட்கிறார். புறநானூறு 222ஆம் பாட்டு. நல்ல இளையோர் நாவல் தொடங்குவது இந்தக் கேள்வியில்தான் என்பேன். சாகும் காட்சியில் எவ்வளவு அழவைக்கிறது என்பதை வைத்து அதை அளக்கக்கூடாது.

கத்தரின் பேட்டர்சன் 1977இல் எழுதிய 'பிரிட்ஜ் டு டெராபித்தியா'வைப் பாருங்கள். அவருடைய மகனின் சிநேகிதி மின்னல் தாக்கி இறந்த பிறகு எழுதியது. 1978இல் அமெரிக்காவின் சிறுவர் இலக்கிய விருதான நியூபெரி பதக்கம் கிடைத்தது. பிள்ளைகளுக்கு ஆகாது என்று அமெரிக்காவிலேயே அடிக்கடி ஆட்சேபம் கிளம்பிய புத்தகமும் அதுதான். அதில் ஜெஸ் என்ற பையனின் தோழி லெஸ்லி ஓடையில் விழுந்து சாவதை நாம் பார்ப்பதே இல்லை. அன்றைக்கு ஜெஸ், அவளைக் கூப்பிடாமல், ஒரு டீச்சரோடு வாஷிங்டன் போய் ஓவியங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறான். வீட்டுக்கு வந்த பிறகுதான் செய்தி. மறுநாள் காலை பான்கேக்கை வயிறாரச் சாப்பிடுகிறான். அவள் கொடுத்த வர்ணங்களை ஓடையில் எறிகிறான். கடைசியில் அந்த ஓடைக்குக் குறுக்கே பலகை போட்டுத் தன் தங்கச்சியை அக்கரைக்குக் கூட்டிப்போகிறான்.

ஆங்கிலப் பிரதியை வைத்துக்கொண்டு தமிழில் சொல்லிச் சொல்லி இதை வகுப்பில் வாசித்தேன். பான்கேக் இடத்தில் சண்டையே வந்துவிட்டது. "கொஞ்சங்கூட கவலையில்லாம திங்கிறான் பாருங்க டீச்சர்" என்றாள் ஒருத்தி. "பசிச்சா திங்கத்தானே செய்வான், எழவு வீட்டுல நீ சாப்புட்டதே இல்லியா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அவளைக் கூப்பிடாமல் போனது ஜெஸ்ஸின் குற்றமா என்று மணி அடிக்கும்வரை வழக்காடினார்கள். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. கதையும் தீர்ப்புச் சொல்லவில்லை.

எல்லாப் புத்தகமும் இப்படியில்லை. நோயாளித் தோழி அழகாகப் படுத்துக்கொண்டு தத்துவம் பேசிவிட்டுச் செத்து, கதாநாயகனைத் திருத்திவிட்டுப் போகும் நாவல்கள் நிறைய வருகின்றன. அவற்றில் அந்தப் பிள்ளைக்குக் கோபம் வராது, பொறாமை வராது, மருந்து கசக்காது. அது நட்பே இல்லை. அவற்றை நான் சிபாரிசு செய்வதில்லை.

மகளிடம் "என்ன படிப்பினை?" என்று கேட்காதீர்கள், அது பரீட்சைக் கேள்வி. நீங்களும் அந்தப் புத்தகத்தை வாசியுங்கள். எந்த இடத்தில் கோபம் வந்தது என்று கேளுங்கள். அழுகையைவிட அதைப் பற்றித்தான் பிள்ளைகள் நிறையப் பேசுவார்கள். நிஜமாகவே அவளுக்குத் தெரிந்த யாராவது அண்மையில் தவறியிருந்தால் இப்போதைக்கு வேறு ஏதாவது கொடுங்கள். இரண்டு நாள் மௌனத்துக்குப் பயப்பட ஒன்றுமில்லை. வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டால் மட்டும் புத்தகத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிராமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.