பழைய வீட்டுக் கடனைப் புது வீட்டுக்கு மாற்ற முடியுமா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் உள்ள ஃபிளாட்டை 90 லட்சத்துக்கு விற்று, ஹொரமாவுவில் 1.20 கோடிக்கு வீடு வாங்கப் பேசியிருக்கிறோம். ஃபிளாட் மேல் 38 லட்சம் கடன் பாக்கி. லண்டனில் இருக்கும் என் கணவரின் அண்ணன் தன் கடனை அப்படியே புது வீட்டுக்கு மாற்றிக்கொண்டாராம். எங்கள் வங்கி முடியாது என்கிறது. விடாமல் கேட்டுப் பார்க்கலாமா?

பதில்: கேட்டுப் பயனில்லை. ஆனால் அதனால் உங்களுக்குப் பெரிய நஷ்டமும் இல்லை. லண்டனில் வட்டியை இரண்டு, ஐந்து ஆண்டுகளுக்கு நிலையாக வைத்துக் கடன் வாங்குவார்கள். இடையில் அடைத்தால் கணிசமான அபராதம் உண்டு. அதைத் தவிர்க்கத்தான் அங்கே அந்த ஏற்பாடு. அங்கும் உண்மையில் பழைய கடனை முடித்து, அதே வட்டியில் புதுக் கடன் எழுதுகிறார்கள்; வருமானத்தையும் வீட்டு மதிப்பையும் மறுபடி பார்க்கிறார்கள். இங்கே தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. எனவே பழையதை முடித்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள். கூடுதல் செலவு பிராசஸிங் கட்டணம், வக்கீல் மற்றும் மதிப்பீட்டுக் கட்டணம், பத்திரம் வைத்ததற்கான முத்திரைத் தீர்வை, அவ்வளவுதான்.

சிக்கல் வருவது எந்த வேலையை எப்போது செய்கிறோம் என்பதில்தான்.

முதலில் உங்கள் வங்கியில் இரண்டு காகிதங்கள் கேளுங்கள்: ஃபோர்குளோஷர் லெட்டர் (கடனை முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கடிதம்), வங்கி வசம் உள்ள மூலப்பத்திரங்களின் பட்டியல். லெட்டரில் எந்தத் தேதி வரை செல்லும், ஒரு நாள் வட்டி எவ்வளவு என்று இருக்க வேண்டும். 38 லட்சத்துக்கு 8.5 சதவீதம் என்றால் நாளுக்குச் சுமார் 885 ரூபாய். பதிவு பத்து நாள் தள்ளினால் கட்ட வேண்டிய தொகைக்கு 8,850 ரூபாய் பற்றாமல் போகும். அதைக் கட்டாத வரை கணக்கு முடியாது, பத்திரமும் வெளியே வராது. டிடி எடுக்கும்போதே சில நாள் வட்டியைச் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள், மிச்சத்தை வங்கி திருப்பித் தரும்.

உங்களிடம் வாங்குபவர் வேறு வங்கியில் கடன் எடுத்தால்தான் பெரிய இழுபறி. அவருடைய வங்கிக்கு மூலப்பத்திரம் வேண்டும். உங்கள் வங்கியோ பணம் வந்தால்தான் அதை விடும். இதற்கு வழி: பணம் வந்ததும் மூலப்பத்திரங்களை நேராக அந்த வங்கியிடம் தருவோம் என்று உங்கள் வங்கி கடிதம் தர, அதை வைத்து அவர்கள் 38 லட்சத்துக்கான டிடியை உங்கள் கடன் கணக்கின் பேரில் எடுப்பது. அக்ரிமெண்டில் கடன் கணக்கு எண்ணையும் இந்த ஏற்பாட்டையும் எழுதிவிடுங்கள். உங்கள் வங்கியிலேயே கடன் வாங்க அவர் சம்மதித்தால் இந்தத் தலைவலியே இல்லை. அதற்காக விலையில் சிறிது விட்டுக்கொடுத்தாலும் தகும்.

வங்கியிடமிருந்து பத்திரத்தைத் திரும்ப வாங்கக் கூட்டுக் கடன்தாரர் எல்லோரும் நேரில் வந்து கையெழுத்திட வேண்டியிருக்கும். யாராவது வெளிநாட்டில் இருந்தால் பவர் பத்திரத்துக்கு இப்போதே சொல்லிவையுங்கள். கடன் முடிந்ததும் அடமான விடுவிப்பு சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் பதிவாகி, ஈ.சி.யில் (வில்லங்கச் சான்றில்) தெரிய வேண்டும்.

அடுத்தது இ-காத்தா, அதாவது மாநகராட்சியின் மின்னணுச் சொத்துப் பதிவு. அக்டோபர் 2024 முதல் அது இல்லாமல் நகரில் வீடு பதிவாவதில்லை. நம்மவர்களுக்கு இங்கே தனித் தொல்லை முன்னெழுத்து: பத்திரத்தில் ‘எஸ்.’ என்று இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக நிற்கும். பெயர் பொருந்தாவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். விற்கப் பேசும் முன்பே சரிசெய்யுங்கள். வாங்கும் வீட்டின் இ-காத்தாவையும் அட்வான்ஸ் தரும் முன் பாருங்கள்.

இனிக் கணக்கு. 90 லட்சத்தில் 38 போனால் 52. விலையில் வாங்குபவர் பிடித்து அரசுக்குக் கட்டும் 1 சதவீத வரி (டிடிஎஸ்) 90,000. அது வரிக் கணக்கில் சேரும் என்றாலும் இப்போது கையில் இருக்காது. புது வீட்டு முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், செஸ் சேர்த்துச் சுமார் 7.6 சதவீதம், அதாவது 9.12 லட்சம். பதிவுக் கட்டணம் ஆகஸ்ட் 2025 கடைசியில் 1-லிருந்து 2 சதவீதமானதை மறந்து பட்ஜெட் போடுபவர்கள் பலர். மீதி சுமார் 42 லட்சம். ஆக, கடன் 78 லட்சம் வேண்டும். 75 லட்சத்துக்கு மேற்பட்ட கடன் வீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 1.20 கோடிக்கு அது 90 லட்சம் என்பதால் உங்களுக்குத் தடையில்லை. ஆனால் பதிவுச் செலவை வங்கி வீட்டு மதிப்பில் சேர்க்காது.

புதுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது பழைய இ.எம்.ஐ.யையும் உங்கள் சுமையாகக் கணக்கிட்டுத் தொகையைக் குறைப்பார்கள். ‘பழைய கடனை முடித்த பிறகே பட்டுவாடா’ என்ற நிபந்தனையோடு சாங்ஷன் கேளுங்கள். வாங்கும் அக்ரிமெண்டின் கெடு, விற்கும் அக்ரிமெண்டின் கெடுவை விட ஒரு மாதமாவது தள்ளியிருக்கட்டும். இரண்டுக்கும் ஒரே தேதி வைப்பவர்கள்தான் அட்வான்ஸை இழக்கிறார்கள். சில வங்கிகள் தரும் பிரிட்ஜ் லோன் அந்த இடைவெளியைக் கடக்க உதவும், வட்டி கூடுதல். வீடு விற்பது இழுத்தால் இரண்டு கடனும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும். கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டுக் கடனை முழுதும் அடைத்து ஆறு வாரமாகிறது. பத்திரம் இன்னும் வரவில்லை. ‘ஸ்டோரிலிருந்து வர வேண்டும்’ என்கிறார்கள்.

பதில்: டிசம்பர் 1, 2023 முதல் அமலில் உள்ள விதிப்படி, கடன் அடைந்த 30 நாளுக்குள் மூலப்பத்திரத்தைத் தந்து, பதிவேடுகளில் உள்ள அடமானத்தையும் நீக்க வேண்டும். தாமதம் வங்கியால் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். தொலைத்திருந்தால் நகல் எடுக்க உதவி, செலவையும் அவர்களே ஏற்க வேண்டும். அதற்கு மட்டும் இன்னும் 30 நாள் அவகாசம். கணக்கு முடிந்த தேதியைக் குறித்து எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம், விவரத்துக்கு 14448. வீட்டு வசதி நிதி நிறுவனமானால் நேஷனல் ஹவுசிங் பேங்க்.

கேள்வி: வீட்டைக் கையில் வாங்கி மூன்று ஆண்டில் விற்கிறோம். வரியில் சிக்கல் உண்டா?

பதில்: பழைய வரித் திட்டத்தில் கடனில் அடைத்த அசலுக்கு 80சி பிரிவின் வரிச் சலுகை எடுத்திருந்தால் உண்டு. வீடு கைக்கு வந்த நிதியாண்டின் முடிவிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் விற்றால், எடுத்த சலுகை முழுதும் விற்ற ஆண்டின் வருமானத்தில் சேரும். வட்டிக்கான சலுகையைத் திரும்பக் கேட்க மாட்டார்கள்.