ஒரே துளை, இரண்டு பாட்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பழைய புரோட்டோன் சாகா காரின் ரேடியோவில் ஒரே ஒரு ஏயூஎக்ஸ் துளைதான் உண்டு. பென்டிரைவ் பிளேயரைச் செருகினால் கைப்பேசியின் புளூடூத் ரிசீவருக்கு இடமில்லை. செம்பனைத் தோட்டச் சாலையில் ஓட்டிக்கொண்டே வயரைப் பிடுங்கிச் செருகப் பயமாக இருக்கிறது. கைப்பேசியில் சத்தம் வந்தால் தானாக அதற்கு மாறி, நின்றதும் பென்டிரைவுக்குத் திரும்ப வழி உண்டா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: உண்டு. முதலில் ரிலே, அதாவது காயிலில் மின்சாரம் பாய்ந்ததும் இணைப்பை மாற்றும் சுவிட்ச். ஹாரன், விளக்குக்குப் போடும் 40 ஆம்பியர் கார் ரிலேயை வாங்கிவிடாதீர்கள். அதில் ஒரே இணைப்புதான் மாறும். ஸ்டீரியோவுக்கு இடம், வலம் என்று இரண்டு வேண்டும். பாட்டு சிக்னலில் ஓடும் மின்சாரமும் மிகச் சொற்பம். பெரிய ரிலேயின் முனைகளில் படியும் மெல்லிய படலத்தை அது உடைக்காது. கொஞ்ச நாளில் ஒரு பக்கம் கரகரக்கும். 12 வோல்ட் காயில் உள்ள, 8 கால் சிறிய சிக்னல் ரிலே கேளுங்கள். சும்மா இருக்கும்போது தொட்டிருக்கும் முனைகளில் பென்டிரைவ், காயில் இழுத்ததும் தொடும் முனைகளில் புளூடூத், பொது முனைகளில் ஏயூஎக்ஸ். கிரவுண்டு வயர்கள் ரிலே வழியாகப் போகாது. எல்லாம் ஒன்றாகச் சேரும்.

சத்தத்தைக் கண்டுபிடிக்க, சிக்னலைப் பெருக்கும் இரண்டு பகுதிகள் உள்ள எல்எம்358 ஐசி ஒன்று போதும். புளூடூத்தின் இடம், வலம் இரண்டிலிருந்தும் தலா 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சிக்னலை எடுத்துச் சேர்த்து, 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் மூலம் 3-ஆம் காலுக்குக் கொடுங்கள். இரண்டு 10 கிலோ ஓமால் 9 வோல்ட்டை (அது வரும் வழி பின்னால்) பாதியாக்கி, நடுவில் 10 மைக்ரோஃபாரட் போட்டு, அங்கிருந்து 100 கிலோ ஓம் வழியாக அதே காலை 4.5 வோல்ட்டில் நிறுத்துங்கள். 1-ஆம் காலுக்கும் 2-ஆம் காலுக்கும் நடுவே 100 கிலோ ஓம். 2-இலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோ ஓமும் 10 மைக்ரோஃபாரட்டும் தொடராக. சிக்னல் ஏறத்தாழ 100 மடங்காகும்.

1-ஆம் காலில் இருந்து 1 மைக்ரோஃபாரட், பிறகு இரண்டு 1என்4148 டயோடுகள்: ஒன்று கிரவுண்டிலிருந்து அந்தப் புள்ளியை நோக்கி, மற்றது அங்கிருந்து 22 மைக்ரோஃபாரட்டை நோக்கி. அந்த 22-க்கு இணையாக 100 கிலோ ஓம். பாட்டு நின்று 5, 6 விநாடி ரிலேயைப் பிடித்து வைப்பது இந்த ஜோடிதான். இரண்டு பாட்டுக்கு இடையிலான மௌனத்தில் குதிக்காமல் இருக்க அவ்வளவு வேண்டும். போதவில்லை என்றால் 22-க்குப் பதில் 47 மைக்ரோஃபாரட் போடுங்கள்.

அந்த 22 மைக்ரோஃபாரட்டிலிருந்து 100 கிலோ ஓம் வழியாக 5-ஆம் கால். 7-க்கும் 5-க்கும் நடுவே 1 மெகா ஓம். இதை விட்டுவிட்டால் சத்தம் எல்லையில் ஊசலாடும்போது ரிலே படபடவென்று அடிக்கும். 6-ஆம் காலுக்கு 10 கிலோ ஓம் பிரீசெட்டில் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) 1.5 வோல்ட். 1.3-க்குக் கீழே இறக்கினால் அந்த 1 மெகா ஓமே ரிலேயை விடாமல் பிடித்துக்கொள்ளும். 7-இலிருந்து 4.7 கிலோ ஓம், பிசி547 டிரான்சிஸ்டர், ரிலே. காயிலுக்குக் குறுக்கே 1என்4007-ஐத் தலைகீழாகப் போட மறந்தால் டிரான்சிஸ்டர் போய்விடும்.

மின்சாரம், சாவி திருப்பினால் மட்டும் வரும் வயரிலிருந்து. வெளியில் வாங்கிப் போட்ட ரேடியோக்களில் வழக்கமாகச் சிவப்பு. மஞ்சள் எப்போதும் பேட்டரியோடு இருப்பது, அதைத் தொடாதீர்கள். 1 ஆம்பியர் ஃபியூஸ், தொடராக ஒரு 1என்4007, 25 வோல்ட் தாங்கும் 470 மைக்ரோஃபாரட், பிறகு 9 வோல்ட் தரும் 7809 ரெகுலேட்டர். காயிலுக்கு மட்டும் 7809-க்கு முன்னிருந்தே எடுங்கள். 7809-இன் வெளியீட்டுக் காலில் 9 வோல்ட். எல்எம்358-இன் 8-ஆம் காலுக்குப் போவதும் அதுவே, 4-ஆம் கால் கிரவுண்டு.

மாறும்போது ‘டொக்’ என்றால் புளூடூத், பென்டிரைவ் வயர்கள் நான்கிலும் கிரவுண்டுக்குத் தலா 100 கிலோ ஓம் போடுங்கள். எஞ்சின் நின்றால் ஒழுங்காக மாறுகிறது, ஓடினால் புளூடூத்திலேயே ஒட்டிக்கொள்கிறது என்றால் சுற்றைக் குறை சொல்ல வேண்டாம். ரிசீவருக்கு மின்சாரம் தரும் சிகரெட் லைட்டர் சார்ஜர் வழியாக ஆல்டர்னேட்டர் ரீங்காரம் உள்ளே வந்து, பாட்டு என்று ஐசியை ஏமாற்றுகிறது. ரிசீவரின் வயரில், சிக்னல் எடுக்கும் இடத்துக்கு முன்னால், டிரான்ஸ்ஃபார்மர் வைத்த கிரவுண்டு லூப் ஐசோலேட்டரைச் செருகுங்கள்.

வெயிலில் நிற்கும் கார் என்பதால் 105 டிகிரி கெப்பாசிட்டர்களே வாங்குங்கள். லாரி ஓடிக் குழி விழுந்த மண்சாலையில் ஐசி சாக்கெட் தளர்ந்துவிடும். ஐசியை நேராக ஈயம் வைத்துப் பற்றவையுங்கள்.

கேள்வி: இதற்கு இவ்வளவு எதற்கு? இரட்டைத் தலை வயரால் இரண்டையும் சேர்த்தால் ஆகாதா?
– வாசகி, பீடோர்

பதில்: சத்தம் வரும், ஆனால் மெலியும், சிதறும். ஒன்றின் சிக்னல் மற்றதன் வெளியீட்டுக்குள் இறங்கி இரண்டும் மல்லுக்கட்டும். நான்கு வயரிலும் தலா 1 கிலோ ஓம் போட்டால் ஓரளவு சரியாகும். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் பாடும். அது பரவாயில்லை என்றால் செய்யுங்கள்.

கேள்வி: பென்டிரைவுக்குப் பதிலாக மின்னல் பண்பலைக்குத் திரும்பும்படி செய்யலாமா?
– வாசகர், பாகான் செராய்

பதில்: ஏயூஎக்ஸ் துளையில் முடியாது. வானொலியா ஏயூஎக்ஸா என்று தேர்வதெல்லாம் ரேடியோவின் உள்ளே நடக்கிறது. தனி ஆம்ப்ளிஃபையர் இருந்தால் ரேடியோவின் ஆர்சிஏ வெளியீட்டுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே இதே ரிலேயை வைக்கலாம். ஆனால் கைப்பேசிப் பாட்டின் சத்தத்தை ரேடியோ குமிழ் கட்டுப்படுத்தாது. முதல்முறை கைப்பேசியில் ஒலியை நன்றாகக் குறைத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஸ்பீக்கர் கிழிந்தால் ரிங்கிட் போய்விடும்.