சயாட்டிகா: இருபது சிட்டிங்குக்கு முன்பணம் கட்டும் முன்

கேள்வி: எனக்கு வயது 43. ஐந்து வாரமாக இடது பிட்டத்தில் தொடங்கி, பின்தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதத்தின் வெளி ஓரம் வரை சுண்டி இழுக்கிறது. உட்கார்ந்தால் அதிகம், நடந்தால் கொஞ்சம் தேவலை. ஸ்கேனில் எல்5 – எஸ்1 (முதுகெலும்பின் அடிப்பகுதியில் உள்ள கடைசி) டிஸ்க் பிதுங்கி நரம்பைத் தொடுகிறது என்று வந்திருக்கிறது. ஒரு சிகிச்சை மையத்தில் இடுப்பை இழுக்கும் 'டிகம்ப்ரஷன்' மெஷினில் இருபது சிட்டிங், கூடவே கரண்ட் சிகிச்சை, இடுப்பு பெல்ட் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ், பணத்தை முன்பே கட்டிவிட வேண்டும் என்கிறார்கள். ஆராய்ச்சியில் நிரூபணமானது, நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குக் குணமாகிறது என்றும் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். அந்தப் பேக்கேஜில் இருக்கும் மூன்றில் ஒன்றுக்குக்கூட சயாட்டிகாவில் (முதுகில் நரம்பு வேர் அழுந்திக் காலுக்குப் பாயும் வலி) நம்பத்தக்க ஆதாரம் கிடையாது. பிசியோதெரபியே வேண்டாம் என்று இதைப் புரிந்துகொள்ளாதீர்கள். உங்களைக் கையால் தொட்டுச் சோதித்து, உடற்பயிற்சி கற்றுக்கொடுத்து, வாராவாரம் அதை மாற்றித் தரும் பிசியோதெரபிஸ்டால் பலன் உண்டு. அந்தப் பலன் பெரிதல்ல, ஆனால் உண்மையானது.

மேலே போகும் முன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீர் வர மறுக்கிறதா, தெரியாமலே கசிகிறதா? மலம் அடக்க முடியவில்லையா? சைக்கிள் சீட்டில் படும் இடம் முழுவதும் மரத்துப்போயிருக்கிறதா? பாதம் தூக்க வராமல் தொங்குகிறதா, கால் பலம் நாளுக்கு நாள் குறைகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் இன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். பயிற்சி, மெஷின் எதுவும் இப்போது வேண்டாம். காய்ச்சலோ காரணம் புரியாத எடைக்குறைவோ சேர்ந்திருந்தாலும், முன்பு புற்றுநோய் இருந்திருந்தாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

இனி அந்தத் 'தொண்ணூறு பேர்' கணக்குக்கு வருவோம். நெதர்லாந்தில் 183 சயாட்டிகா நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 1999-இல் வெளியானது. பாதிப் பேரை இரண்டு வாரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். மீதிப் பேரை வழக்கம்போல நடமாடச் சொன்னார்கள். படுக்கை ஓய்வால் எந்த லாபமும் இல்லை என்பதுதான் முடிவு. ஆனால் உங்களுக்குத் தேவையான எண் வேறு: 12 வாரம் முடிந்தபோது இரண்டு குழுவிலும் 87 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பிதுங்கி வந்த டிஸ்க் பகுதியை உடலின் எதிர்ப்பு அணுக்களே மெல்ல மெல்லக் கரைத்துவிடுகின்றன. நரம்பு வேரைச் சுற்றியுள்ள அழற்சியும் தணிகிறது. பெரிதாகப் பிதுங்கியவைதான் கரையும் வாய்ப்பு அதிகம் என்பது பலரும் அறியாத செய்தி.

நீங்கள் ஐந்தாவது வாரத்தில் இருக்கிறீர்கள். வாரம் ஐந்து சிட்டிங் என்றால் பேக்கேஜ் முடியும்போது ஒன்பதாவது வாரம். பெரும்பாலானோருக்குத் தானாகவே வலி தணியும் காலம் அது. தணிந்ததும் பெயர் மெஷினுக்குப் போகும். அதனால் 'சேர்ந்தபோது இவ்வளவு வலி, முடிந்தபோது இவ்வளவு' என்ற கணக்கையும், குணமானவர்கள் பேசும் வீடியோவையும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மெஷினில் படுத்தவர்களோடு, மெஷின் தவிர மற்றதெல்லாம் கிடைத்த இன்னொரு குழுவை ஒப்பிட்டார்களா என்று மட்டும் கேளுங்கள்.

அப்படி ஒப்பிட்டும் பார்த்திருக்கிறார்கள். இடுப்பை இழுக்கும் ட்ராக்ஷன் பற்றிய 32 ஆய்வுகளை, மொத்தம் 2,762 பேர், 2013-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு அலசியது. தனியாகக் கொடுத்தாலும் பிற சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தாலும், காலுக்கு வலி இறங்குபவர்களிடமும் இல்லாதவர்களிடமும், பலன் இல்லை அல்லது மிகச் சொற்பம். 'சரியான ஆட்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் பலிக்கும்' என்ற வாதத்தையும் விட்டுவைக்கவில்லை. நரம்பு வேர் அழுத்தம் உள்ள 120 பேருக்கு முதுகைப் பின்னால் வளைக்கும் பயிற்சியைக் கொடுத்து, பாதிப் பேருக்கு மட்டும் ட்ராக்ஷனையும் சேர்த்த ஆய்வு 2016-இல் வந்தது. ஓராண்டு வரை தொடர்ந்து பார்த்தும் இரு குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ட்ராக்ஷன் யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே கணித்து வைத்திருந்தார்களோ, அவர்களிடமும் அதே கதைதான். டிகம்ப்ரஷன் என்பது கம்ப்யூட்டர் திரை வைத்த ட்ராக்ஷன். பெயர் புதிது, கட்டணம் கூடுதல்.

கரண்ட் சிகிச்சையும் பெல்ட்டும் இதே வரிசைதான். இங்கிலாந்தின் அரசு வழிகாட்டுதல் அமைப்பான நைஸ், 2016-இலேயே ட்ராக்ஷன், அல்ட்ராசவுண்ட், டென்ஸ், ஐ.எஃப்.டி. (இவை இரண்டும் கரண்ட் சிகிச்சை வகைகள்), இடுப்பு பெல்ட் எல்லாவற்றையும் முதுகுவலிக்கும் சயாட்டிகாவுக்கும் கொடுக்கக் கூடாத பட்டியலில் போட்டது. இத்தனை ஆண்டுகளாகியும் மெஷின்கள் ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் எளிது. மெஷினில் போட்டுவிட்டால் ஒரே ஆள் ஒரே நேரத்தில் ஐந்து பேரைப் 'பார்க்கலாம்'. பயிற்சி சொல்லித்தர ஒருவருக்கு ஒருவர் உட்கார வேண்டும். மையத்தின் வருமானக் கணக்கு தெரபிஸ்டின் கையைக் கட்டிப்போடுகிறது. நன்றாகப் படித்த பிள்ளைகள் சுவிட்ச் போடும் வேலை செய்கிறார்கள். இதை மாற்ற வேண்டியவர்கள் யாரும் மாற்றுவதாகத் தெரியவில்லை.

ஸ்கேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. எந்த வலியும் இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளை 2015-இல் தொகுத்தபோது, 40 வயதில் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. ரிப்போர்ட்டில் அந்தச் சொல்லைக் காட்டிப் பயமுறுத்துவதும், கால் பலத்தைக்கூடச் சோதிக்காமல் ஸ்கேனுக்கு அனுப்புவதும் அன்றாட நடைமுறையாகிவிட்டது. உங்கள் விஷயத்தில் பாதத்தின் வெளி ஓர வலியும் எஸ்1 நரம்பும் பொருந்துகின்றன. அதனால் ரிப்போர்ட் சரியாகவே இருக்கலாம். அப்படியிருந்தாலும் சிகிச்சை மாறாது.

சரி, எதற்கு ஆதாரம் இருக்கிறது? 2021-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு உங்களைப் போன்றவர்களைப் பற்றியதுதான்: 18 முதல் 60 வயது, வலி தொடங்கி 90 நாளுக்குள், மொத்தம் 220 பேர். எல்லோருக்கும் நோயைப் பற்றி விளக்கம் சொன்னார்கள். பாதிப் பேரை மட்டும் உடனே பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். நான்கு வாரம், ஆறு முதல் எட்டு சிட்டிங். பயிற்சியும் கையால் செய்யும் சிகிச்சையும், அவ்வளவே. அன்றாட வேலைகளில் உள்ள சிரமத்தை 100-க்கு அளக்கும் ஆஸ்வெஸ்ட்ரி அளவுகோலில், ஆறு மாதத்தில் இவர்கள் 5.4 புள்ளி முன்னால் இருந்தார்கள். ஓராண்டிலும் அந்த இடைவெளி பெரிதாகக் குறையவில்லை. ஓராண்டு முடிவில் 'சிகிச்சை நன்றாகவே பலித்தது' என்றவர்கள் இந்தக் குழுவில் 45 சதவீதம், மற்றதில் 28.

மேலே 87, இங்கே 45 என்று குழம்பாதீர்கள். 'தேறியிருக்கிறீர்களா' என்று கேட்டால் ஒரு எண் வரும். 'நன்றாகவே குணமா' என்று கேட்டால் அது பாதியாகும். விற்பவர்கள் முதல் கேள்வியின் எண்ணை எடுத்து இரண்டாவது கேள்விக்குப் பதிலாகச் சொல்கிறார்கள். 2008-இல் நெதர்லாந்தில் 135 பேரிடம் நடந்த ஆய்விலும் இப்படித்தான். பிசியோதெரபி சேர்த்துக்கொண்டவர்களில் 79 சதவீதம் பேர் ஓராண்டில் தேறியதாகச் சொன்னார்கள், குடும்ப மருத்துவரை மட்டும் பார்த்தவர்களில் 56. ஆனால் வலியின் அளவை அளந்தபோது இரு குழுவும் சமம்.

இப்போது செய்ய வேண்டியது. ஒருவருக்கு ஒருவர் நேரம் ஒதுக்கும் பிசியோதெரபிஸ்டைத் தேடி, ஒவ்வொரு முறையும் தனித்தனியாகப் பணம் கொடுங்கள். முதல் நாள் முக்கால் மணி நேரம் உங்களுக்குக் கிடைக்க வேண்டும். படுக்கவைத்துக் காலை நேராகத் தூக்கிப் பார்க்க வேண்டும். குதிகாலில் நடக்கவிட வேண்டும். ஒற்றைக் காலில் நின்று குதிகாலைப் பத்துமுறை உயர்த்தச் சொல்ல வேண்டும் (எஸ்1 நரம்பு பலவீனமானால் முதலில் தடுமாறுவது இதில்தான்). கணுக்காலில் சுத்தியல் தட்ட வேண்டும். மரத்த இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இவை எதுவும் இல்லாமல் நேராக மெஷின் படுக்கைக்கு அழைத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

உட்கார்ந்தால் கூடி, நடந்தால் குறையும் வலிக்குப் பின்னால் வளைவது பெரும்பாலும் ஒத்துவரும். குப்புறப் படுத்து இரண்டு மூன்று நிமிடம். பிறகு முழங்கையை ஊன்றி மார்பை உயர்த்தி இரண்டு நிமிடம். அது பழகியபின், உள்ளங்கையை ஊன்றிக் கைகளை நிமிர்த்தி, இடுப்பு தரையிலேயே இருக்க, மேலுடம்பை மட்டும் பத்துமுறை தூக்கி இறக்குங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு ஐந்தாறு தடவை. பலரும் பிட்டத்தையும் சேர்த்துத் தூக்கிவிடுகிறார்கள். அப்போது முதுகு வளையவே இல்லை.

எவ்வளவு வலிக்கிறது என்பதைவிட எங்கே வலிக்கிறது என்பதைப் பாருங்கள். வலி பாதத்தைவிட்டுக் கெண்டைக்காலுக்கு, பிறகு தொடைக்கு, பிட்டத்துக்கு என்று மேலேறினால், இடுப்பின் நடுவில் வலி கூடினாலும் வழி சரி. பயந்து நிறுத்த வேண்டாம். மாறாக வலியோ மரமரப்போ கீழே இறங்கினால், எழுந்த பிறகும் அங்கேயே தங்கினால், நிறுத்திவிட்டுத் தெரபிஸ்டிடம் சொல்லுங்கள். மூன்று நான்கு நாளாகியும் எந்தப் பக்கமும் அசையவில்லையென்றால் உங்களுக்குரிய திசை வேறு.

கூடவே நடை: ஐந்து பத்து நிமிடமாக, நாளில் பலமுறை. உட்காருவதை அரை மணிக்குமேல் நீட்டாதீர்கள். பின்தொடை இறுகியதாகத் தோன்றும். துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கத் தோன்றும். இழுக்காதீர்கள். அங்கே இறுக்கமாகத் தெரிவது பெரும்பாலும் எரிச்சலடைந்த நரம்பு, தசை அல்ல. இழுத்தால் அன்றிரவே வலி பழிவாங்கும்.

ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்லியாக வேண்டும். இதைப் படித்துவிட்டு வீட்டிலுள்ள பெரியவருக்கும் இதே பயிற்சியைக் கொடுத்துவிடுவார்கள். அறுபது தாண்டியவர்களின் கால்வலிக்குப் பல நேரம் முதுகுத்தண்டின் நரம்புப் பாதை சுருங்கியிருப்பதுதான் காரணம். பின்னால் வளைந்தால் பாதை இன்னும் குறுகும், முன்னால் குனிந்தால் விரியும். அவர்களுக்கு எல்லாமே உங்களுக்கு நேரெதிர்: உட்கார்ந்தால் சுகம், கொஞ்ச தூரம் நடந்தால் கால் இரண்டும் கனத்து மரத்துவிடும், குனிந்தபடி தள்ளுவண்டியைப் பிடித்து நடந்தால் தூரம் கூடும், மேடு ஏறுவது எளிது, இறக்கம் கடினம், சைக்கிள் மிதித்தால் வலிக்காது. நடக்கும்போது வலி வந்து, குனியாமல் உட்காராமல் வெறுமனே நின்றாலே ஓரிரு நிமிடத்தில் சரியானால், அது முதுகே அல்ல, காலின் ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கு வேறு மருத்துவர். நரம்புப் பாதை சுருங்கியவர்களைக் குப்புறப் படுக்கவைத்து உயர்த்தச் சொன்னால் வலி காலுக்குப் பாயும். மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மார்புக்கு இழுத்து இருபது முப்பது விநாடி, பிறகு அடுத்தது, பிறகு இரண்டும், ஓடாத சைக்கிளை மிதிப்பது, இவைதான் அவர்களுக்கு. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'டிஸ்க் பிதுக்கம்' என்ற அதே வரி இவர்களுக்கும் இருக்கும். அந்த வரியை மட்டும் படித்துப் பயிற்சி கொடுப்பவர்கள் இங்கேதான் கெடுதல் செய்கிறார்கள்.

ஆறு முதல் எட்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் கால்வலி குறையாமல் தூக்கம் கெட்டால், முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை நிபுணரிடம் கருத்துக் கேளுங்கள். 2007-இல் கடும் சயாட்டிகா உள்ள 283 பேரிடம் நடந்த ஆய்வில், சீக்கிரமே அறுவை செய்துகொண்டவர்களுக்கு, காத்திருக்கச் சொல்லப்பட்டவர்களைவிட வலி விரைவாக விட்டது. ஓராண்டு முடிவில் இரு குழுவிலும் 95 சதவீதம் பேர் மீண்டிருந்தார்கள். காத்திருக்கச் சொன்ன குழுவிலும் 39 சதவீதம் பேர் அந்த ஓராண்டுக்குள் அறுவைக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

முன்பணம் ஏதாவது ஏற்கெனவே கொடுத்திருந்தால், போகாத சிட்டிங்குகளுக்கான பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். 'பாதியில் நிறுத்தினால் டிஸ்க் இன்னும் வெளியே வந்துவிடும்' என்று மிரட்டினால் நம்ப வேண்டாம்; அதற்கு எந்த ஆதாரமும் இல்லை.