ஆறிய எண்ணெயில் போட்ட பொடி ஏன் உறையவில்லை?

கேள்வி: தீபாவளிக்கு முறுக்கும் வடையும் சுட்டதில் இரண்டு லிட்டர் எண்ணெய் மிஞ்சிவிட்டது. உறைய வைத்துக் குப்பையில் போடலாமே என்று இணையத்தில் ஒரு பொடி வாங்கினேன். ஆறிய எண்ணெயில் தூவிக் கலக்கி இரவு முழுவதும் வைத்தும், பொடி அடியில் மணல் மாதிரி தங்கியதுதான் மிச்சம். பாக்கெட்டில் உள்ள மொழி எனக்குப் புரியவில்லை. விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: பொடி கெட்டது என்று இப்போதே சொல்ல முடியாது, அம்மா. இது சூடான எண்ணெயில்தான் வேலை செய்யும். அதை உங்களுக்குப் புரியும்படி சொல்லாமல் விற்றது தவறு.

இந்த வகைப் பொடியில் பெரும்பாலும் இருப்பது 12-ஹைட்ராக்ஸிஸ்டியரிக் அமிலம். நம் விளக்கெண்ணெயில் ஹைட்ரஜன் சேர்த்து, அதிலிருந்து பிரித்தெடுப்பது. கடற்பாசியும் ஜெலட்டினும் தண்ணீரை உறைய வைப்பது அவற்றின் மூலக்கூறுகள் மிக நீண்ட சங்கிலிகளாக இருப்பதால்தான். இதுவோ 18 கார்பன் மட்டுமே கொண்ட சின்ன மூலக்கூறு. தனியாக நின்று எண்ணெயைப் பிடிக்க அதற்கு வலுவில்லை. சுமார் 75 டிகிரி செல்சியஸில் உருகி எண்ணெயில் கரைந்துவிடும். ஆற ஆற, மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, கயிறு திரிப்பதுபோல் முறுக்கிய நுண்ணிழைகளாக நீளும். இழைகள் பின்னி வலையாகும். அதன் இடுக்குகளில் எண்ணெய் அடைபட்டு அசையாமல் நின்றுவிடும். 100 கிராம் எண்ணெய்க்கு இரண்டு மூன்று கிராம் போதும் என்பது எனக்கு இன்னமும் வியப்புதான். 12-வது கார்பனில் இருக்கும் ஒரேயொரு ஹைட்ராக்சில் (ஓர் ஆக்ஸிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி) தான் இதற்குக் கை மாதிரி. அது இல்லாத ஸ்டியரிக் அமிலம், மெழுகுவர்த்தியில் சேர்ப்பது, இவ்வளவு குறைந்த அளவில் எண்ணெயை இப்படிப் பிடிக்காது.

உங்கள் எண்ணெயில் பொடி கரையவே இல்லை. அப்புறம் இழை எங்கே வரும்? அந்த எண்ணெயையே பொடியோடு சேர்த்து, சிறு தீயில், புகையாமல் சூடாக்குங்கள். பொடி முழுவதும் கரைந்ததும் அடுப்பை அணைத்து, கிளறாமல் விட்டுவிடுங்கள். உறையும் நேரத்தில் கிளறினால் இழை அறுந்துபோகும். உறைந்ததைக் குப்பையில் மட்டும் போடுங்கள். சிங்க்கில் போட்டுக் கொதிநீர் ஊற்றினால் உருகி ஓடி, குழாய்க்குள் போய் மறுபடி உறைந்து அடைத்துக்கொள்ளும்.

இவ்வளவு செய்தும் உறையவில்லை என்றால் சட்டம் உங்கள் பக்கம். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சொன்ன வேலையைச் செய்யாத பொருளை வாங்கிய 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். மாற்றுப் பொருளா, பணமா என்பதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், விற்றவர் அல்ல. விவரங்கள் எளிய மொழியில் இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. முதலில் விற்றவருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். சரியான பதில் வராவிட்டால், நுகர்வோர் பொருட்கள், சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கும் மேலே தேசிய நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பாக்கெட்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, ரசீதோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.